சுங்கை சிப்புட் மாடி லேப்: டைபாய்டு பேக்கேஜ் வேணாம், ஆனா அந்த லேப் அண்ணனுக்காக படி ஏறலாம்

மொதல்ல தீர்ப்ப சொல்லிடறேன், முழுசா படிக்க நேரம் இல்லாதவங்க இதோட கெளம்பிடலாம். ஆளுங்க, சுத்தம், ரத்தம் எடுக்குற கை, எல்லாத்துக்கும் அஞ்சுக்கு நாலு. ஆனா படிக்கட்டு சுவத்துல பெருசா ஒட்டி வச்சிருக்காங்களே 'காய்ச்சல் பேக்கேஜ்', அதுல வர்ற வைடால்ங்கற டைபாய்டு டெஸ்டுக்கு அஞ்சுக்கு ஒன்னுதான். அதுல லேப் மேல தப்பு இல்ல, அந்த டெஸ்டோட பொறப்பே அப்படி. ஏன் அப்படிங்கறதுக்குத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன், ஏன்னா நம்ம தோட்டத்து ஆளுங்க பாதி பேரு கையில 'டிஓ (TO) 1:160'னு ஒரு வைடால் சீட்ட வச்சிக்கிட்டு எனக்கு டைபாய்டு எனக்கு டைபாய்டுனு சுத்துறாங்க, அந்த ஓ எதப் பத்தி பேசுதுன்னு யாரும் சொல்றது இல்ல.

கடை பேரு போட மாட்டேன். மலேசியா, பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட் டவுன்ல 'மாடி லேப்'னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க, கீழ மளிகைக் கடை, மேல கிளினிக்கும் லேபும் சேர்ந்தாப்ல இருக்கு. என்னைப் பத்தி சொல்லணும்னா, நான் ஈப்போ பக்கம் ஒரு கையுறை ஃபேக்டரில குவாலிட்டி டிபார்ட்மெண்ட், அம்மா இங்க டவுன்ல காலைல பசியாற தோசை, நாசி லெமாக் ஸ்டால் போடறாங்க. ஃபேக்டரி, ஸ்டால் ரெண்டுமே பேக்டீரியா சமாச்சாரத்துல வந்து முட்டுற தொழில், அதனால இந்த லேப்ல நான் சும்மா கைய நீட்டிட்டு வர்ற கஸ்டமர் இல்ல, கேள்வி கேட்டு உசுர வாங்குற கஸ்டமர்.

எடம் பத்தி சீக்கிரம் முடிச்சிடறேன். படி ரொம்ப செங்குத்து, காய்ச்சல்ல கெடக்குறவங்கள தூக்கிட்டுத்தான் ஏத்தணும், வயசானவங்க வந்தா கீழ இருந்து போன் பண்ணுங்க, அந்த அண்ணனே ட்ரேய தூக்கிட்டு எறங்கி வந்து மளிகைக் கடை நாற்காலில உக்கார வச்சி ரத்தம் எடுத்துட்டுப் போறாரு, இத நான் கண்ணால பாத்தேன். ஏர்கோன் இருக்கு. நம்பர் கூப்புடறது மலாய்ல மட்டும், டிவி சத்தத்துல காதுல விழாது. பார்க்கிங் கதைய கேக்காதீங்க, சம்மன் வாங்குனவங்க நெறைய.

நான் போனது சித்தப்பாவுக்காக. எண்ணெய்ப்பனை தோட்டத்துல மண்டோர் (மேற்பார்வை வேலை), ஒரு வாரமா காய்ச்சல், தலைவலி, கெண்டக்கால்ல தொட்டாலே கத்துற வலி, கண்ணு செவந்து போச்சு. வேற எடத்துல ஒரு கிளினிக்ல வைடால் பண்ணி டிஓ 1:160, டிஎச் 1:80, டைபாய்டுதான்னு சொல்லி மாத்திரை குடுத்துட்டாங்க. மாத்திர தின்னும் எறங்கல. சரி இன்னொரு லேப்ல பாத்துடலாம்னு கூட்டிட்டு வந்து, பேக்கேஜ் ஒன்னு குடுங்கண்ணேன்னு கேட்டா அந்த அண்ணன் பழைய சீட்ட வாங்கிப் பாத்துட்டு, "தங்கச்சி, இதே டெஸ்ட திரும்ப பண்ணி நான் காசு வாங்கலாம், ஆனா அதுல உங்களுக்கு என்னா தெரியப் போகுது"ன்னு கேட்டாரு. விக்கிற ஆளு வாயில இருந்து இது வர்றது அபூர்வம் லா. அந்த ஒரு வார்த்தைக்கே ரெண்டு ஸ்டார் போட்டுட்டேன்.

அப்புறம் அந்த சீட்டுல இருக்குற ஓ. சித்தப்பாவுக்கு அவரு சொன்னதும், நான் படிச்சதும் கலந்து எழுதறேன்.

டைபாய்டு பண்ற சால்மொனெல்லா டைஃபி ஒரு கிராம் நெகட்டிவ் பேக்டீரியா. இந்த வகைக்கு உள்ளுக்கு ஒரு சவ்வு, வெளியில இன்னொரு சவ்வு. அந்த வெளிச் சவ்வோட வெளிப்பக்கம் முழுக்க லிப்போபாலிசாக்கரைடுங்கற பொருள், சுருக்கமா எல்பிஎஸ், செல்லோட மேற்பரப்புல முக்கால்வாசிய இதுதான் மூடி வச்சிருக்கு. ரம்புத்தான் பழத்த நெனச்சிக்கோங்க, தோல்ல இருந்து முடி முடியா வெளிய நீட்டிக்கிட்டு இருக்குமே, அப்படித்தான் ஒவ்வொரு எல்பிஎஸ் மூலக்கூறும் சவ்வுல வேர் விட்டு வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது. நம்ம ஒடம்பு மொதல்ல சந்திக்கிறது இந்த முடியத்தான், உள்ள இருக்குற பழத்த இல்ல.

ஒரு முடில மூனு பாகம் இருக்கு. அடியில சவ்வுக்குள்ள புதைஞ்சி கெடக்குறது லிப்பிட் ஏ, ரெண்டு குளுக்கோசமைன் சர்க்கரை ஒன்னோட ஒன்னு சேர்ந்து, ரெண்டு முனையிலயும் பாஸ்பேட், அதுல கொழுப்பு அமில வால்கள், ஈ கோலைங்கற குடல் பேக்டீரியால ஆறு வால். அதுக்கு மேல கோர், இது ஒரு சின்ன சர்க்கரைத் தொடர், கேடிஓ, ஹெப்டோஸ்னு நம்ம ஒடம்புல இல்லாத சர்க்கரைங்க இங்க இருக்கு, இந்தக் கோர் பேக்டீரியாவுக்கு பேக்டீரியா ரொம்ப மாறாது, சால்மொனெல்லா கூட்டத்துல கிட்டத்தட்ட ஒன்னுதான், ஈ கோலைல அஞ்சு வகை. அதுக்கும் மேல நீளமா போறதுதான் ஓ ஆன்டிஜென், சீட்டுல இருக்குற ஓ இதத்தான் சொல்லுது. மூனு, நாலு, அஞ்சு சர்க்கரை சேர்ந்த ஒரு துண்டு, அதே துண்டு திரும்பத் திரும்ப கோத்து, சில முடில ஒன்னு ரெண்டு துண்டு, சிலதுல நாப்பது அம்பது, நூறு கூட போகும். ஜெல்ல ஓட்டி வெள்ளிச் சாயம் போட்டா ஒவ்வொரு துண்டு கூடுனதுக்கும் ஒரு கோடுன்னு வரிசையா படி படியா தெரியும், எனக்கு படிச்ச காலத்துல புடிச்ச ஒரே ப்ராக்டிக்கல் அதான்.

இப்ப கவனிங்க, சீட்டுல டிஓ, ஏஓ, பிஓன்னு எட்டு லைன் இருக்குல்ல, அந்த ஓக்களுக்கு உள்ள இருக்குற வித்தியாசம் எத்தன சின்னதுன்னு பாருங்க. சால்மொனெல்லா ஏ, பி, டி (D) குரூப்பு மூனுக்கும் ஓ தொடரோட முதுகெலும்பு ஒரே மாதிரி, மேனோஸ், ராம்னோஸ், கேலக்டோஸ், திரும்ப மேனோஸ், ராம்னோஸ், கேலக்டோஸ். அந்த மேனோஸ்ல பக்கவாட்டுல ஒட்டிக்கிட்டு இருக்குற ஒரே ஒரு சர்க்கரைதான் ஆள மாத்துது. ஏ குரூப்புல அது பேரடோஸ், அதான் ஓ2. பி குரூப்புல ஆபெக்குவோஸ், அதான் ஓ4. டி குரூப்புல, நம்ம டைஃபில, டைவெலோஸ், அதான் ஓ9. பேரடோசுக்கும் டைவெலோசுக்கும் வித்தியாசம் ரெண்டாவது கார்பன்ல ஒரு ஓஎச் எந்தப் பக்கம் திரும்பி நிக்குதுங்கறது மட்டும்தான். அத திருப்பிப் போடுற என்சைமோட ஜீன் ஏ குரூப்பச் சேர்ந்த பேராடைஃபி ஏ-ல கெட்டுப் போயிருக்கு, அதனால அது பேரடோசோட நின்னு போச்சு. ஒரு ஜீன் கெட்டதுக்கு பேரே மாறிப் போச்சு, குரூப்பே மாறிப் போச்சு, நம்ம ரத்தத்துல உருவாகுற ஆன்டிபாடியும் (கிருமிய புடிக்கிற எதிர்ப்புப் புரதம்) மாறிடுது. காஃப்மேன் வைட் அட்டவணைல சால்மொனெல்லாவுக்கு 2500க்கு மேல செரோவார் (உள்வகை) இருக்குன்னா, ஓவும் வாலுல இருக்குற எச்சும் போடுற கூட்டல் கணக்கு அது.

அடுத்த சங்கதிலதான் பேக்கேஜ் அடிவாங்குது. முதுகெலும்பு ஒன்னுங்கறதால ஓ12ங்கறது ஏ, பி, டி மூனுக்கும் பொது. ஓ9 டைஃபிக்கு மட்டும் சொந்தம்னு நெனச்சா அதுவும் இல்ல, கோழி முட்டைல வர்ற சால்மொனெல்லா என்டரிட்டிடிசும் டி குரூப்புதான், அதுக்கும் ஓ9, ஓ12. அதாவது போன மாசம் எங்கயோ கல்யாண வீட்டு சாப்பாட்டுல வயித்தால போச்சுன்னா அந்த ஆன்டிபாடி இந்த மாசம் டிஓ லைன்ல வந்து நிக்கலாம். வைடால் டெஸ்ட் சீட்டு பேக்டீரியா உள்ள இருக்குன்னு சொல்லல, இந்த மாதிரி சர்க்கரைய எப்பவோ எங்கயோ உங்க ஒடம்பு பாத்திருக்குன்னு மட்டும் சொல்லுது. சால்மொனெல்லா நெறைய சுத்துற ஊர்ல நல்லா இருக்குற ஆளுக்கே 1:80 வரலாம்.

வேற ஆளோட வைடால் டெஸ்ட் பண்றத கண்ணாடி வழியா பாக்க விட்டாரு, அதுக்கு தனி நன்றி. வெள்ள ஓடு மாதிரி ஸ்லைடு, அதுல சீரம் (ரத்தத்துல இருந்து பிரிச்ச தெளிஞ்ச நீர்) 80, 40, 20, 10, 5 மைக்ரோலிட்டர்னு கொறச்சிக்கிட்டே போய் விட்டு, மேல ஒரு சொட்டு செத்த பேக்டீரியா கரைசல், ஓ நீல சாயம், எச் செவப்பு சாயம், ஒரு நிமிசம் ஆட்டணும். சேர்ந்து துகள் துகளா திரிஞ்சா பாசிட்டிவ். எந்தக் கட்டம் வரைக்கும் திரியுதுங்கறதுதான் 1:20, 1:40, 1:80, 1:160, 1:320, இதுக்குத்தான் டைட்டர்னு பேரு. ஓ திரியறப்ப மணல் மணலா கெட்டியா திரியும், ஏன்னா ஆன்டிபாடி பேக்டீரியா ஒடம்ப நேரா புடிச்சி இழுக்குது; எச்சுக்கு பஞ்சு பஞ்சா லூசா வரும், அது வாலுல புடிக்குது. ஓவுக்கு வர்றது பெரும்பாலும் ஐஜிஎம்ங்கற ஆன்டிபாடி, அதுக்கு பத்து கை, ஒரே துண்டு திரும்பத் திரும்ப வர்ற சர்க்கரைத் தொடர அப்படியே வளைச்சிப் புடிச்சிடும். இவரு சும்மா உப்புத் தண்ணிலயும் ஒரு கட்டம் போடறாரு, கன்ட்ரோல். ஏன் இது முக்கியம்னா, ஓ தொடர் உதுந்து போன பேக்டீரியா இருக்கு, ரஃப்னு சொல்வாங்க, அதுங்க எந்த ஆன்டிபாடியும் இல்லாம உப்புத் தண்ணிலயே தானா திரிஞ்சிடும், கன்ட்ரோல் போடலன்னா எல்லாரும் பாசிட்டிவ். ஸ்மூத், ரஃப்னு ரெண்டு வகைய 1921லயே ஆர்க்ரைட் எழுதி வச்சிட்டாரு, இன்னிக்கும் அந்தக் கட்டத்த போடாம வேலை செய்யற எடங்க இருக்கு. சித்தப்பாவோட மொத சீட்டுல கன்ட்ரோல் பத்தி ஒரு வரி கூட இல்ல. நிமிசக் கணக்கும் பாக்காம ஆட்டிக்கிட்டே இருந்தா ஓரத்துல காஞ்சி திரிஞ்ச மாதிரி தெரியும், அதுவும் ஒரு பொய் பாசிட்டிவ்.

பெர்னான் வைடால் பாரிஸ்ல இத சொன்னது 1896ல. அந்தக் காலத்துக்கு அது பெரிய விசயம்தான், நான் அவர கொற சொல்லல. ஒரு தடவ எடுத்த டைட்டர வச்சி முடிவு கட்டறதத்தான் கொற சொல்றேன். ஒழுங்கா பண்ணணும்னா ஏழுல இருந்து பதினாலு நாள் இடைவெளில ரெண்டு தடவ ரத்தம் எடுத்து டைட்டர் நாலு மடங்கு ஏறுதான்னு பாக்கணும். ஓ ஆன்டிபாடியே ஒரு வாரம் கிட்ட ஆனாத்தான் வரும், எச் அதுக்கும் அப்புறம். காய்ச்சல் வந்து மூனாம் நாள் ஓடி வந்து வைடால் எடுக்குறவங்களுக்கு நெகட்டிவ் வந்தா அதுக்கும் அர்த்தம் இல்ல. இந்த விளக்கமெல்லாம் பேக்கேஜ் போஸ்டர்ல இல்ல, அதான் எனக்கு கோவம். லேப் அண்ணன்கிட்டயே சொன்னேன், "போஸ்டர் மொதலாளி ஒட்டுனது, நான் எப்படி கிழிக்கிறது"ன்னு சிரிக்கிறாரு.

அடுத்து ஊசி சர்வீஸ், ஸ்டால்காரங்க இத படிங்க. சாப்பாடு கைல தொடற எல்லாரும் டைபாய்டு ஊசி போட்டுருக்கணும்னு 2009 உணவு சுகாதார விதிமுறைல இருக்கு, மூனு வருசத்துக்கு ஒரு தடவ. 2023 ஆரம்பத்துல ஊசி கெடைக்காம ஊர் ஊரா அலைஞ்சாங்களே, அப்ப கூட இந்த எடத்துல வெலைய ஏத்தலன்னு அம்மா சொல்றாங்க. ஊசிய குளிர்ப்பெட்டில இருந்து நம்ம முன்னாடிதான் எடுக்குறாங்க, டேட் காட்டுறாங்க, பேட்ச் ஸ்டிக்கர கார்டுல ஒட்டித் தர்றாங்க. எம்பிகேகே (கோல கங்சார் நகராண்மைக் கழகம்) ஆபிசரோ கெசிஹத்தான்காரங்களோ (சுகாதார இலாகா) வந்தா அந்த ஸ்டிக்கர்தான் பாப்பாங்க. இதுக்கு முழு மார்க்.

ஆனா அந்த ஊசில என்னா இருக்குன்னு கேட்டா கவுண்டர் பொண்ணு "டைபாய்டு கிருமி லா அக்கா"ங்குது. இல்லம்மா. அதுல கிருமி இல்ல, எல்பிஎஸ்சும் இல்ல. டைஃபிக்கு அந்த முடிங்களுக்கும் மேல ஒரு போர்வை உண்டு, விஐன்னு பேரு, அதுவும் சர்க்கரைத் தொடர்தான் ஆனா வேற சரக்கு, கேலக்டோசமினூரானிக் அமிலம். ஃபீலிக்சும் பிட்டும் 1934ல கண்டுபுடிச்சாங்க. இந்தப் போர்வை இருக்குறப்ப கீழ இருக்குற ஓ ஆன்டிஜென் மறைஞ்சி போயிடும், நோயாளிகிட்ட இருந்து புதுசா எடுத்த டைஃபிய ஓ சீரத்தோட கலந்தா திரியவே திரியாது, கொதிக்க வச்சி போர்வைய உரிச்சி விட்டாத்தான் திரியும். நம்ம நோய் எதிர்ப்பு செல்லுங்களுக்கும் அதே ஏமாத்து வேலைதான். ஊசில இருக்குறது அந்த விஐ போர்வை மட்டும், 25 மைக்ரோகிராம். அதனாலதான் சில விசயம் ஆகுது: ஊசி போட்டதால வைடால்ல டிஓ ஏறாது, பழைய காலத்து டிஏபி ஊசிலதான் முழு கிருமி இருந்துச்சு, அது ஓ, எச் ரெண்டையும் கெளப்பி விடும், பேராடைஃபி ஏ-வுக்கு விஐ கெடையாது, அதுக்கு இந்த ஊசி பாதுகாப்பும் கெடையாது, வெறும் சர்க்கரைங்கறதால டி (T) செல்லு உதவிக்கு வராது, ஞாபகம் நிக்காது, அதான் மூனு வருசத்துக்கு ஒருக்கா, ரெண்டு வயசுக்குக் கீழ இருக்குற குழந்தைக்கு பிரயோசனமும் இல்ல. அதே சர்க்கரைய ஒரு புரதத்தோட ஒட்டி வச்சா குழந்தைக்கும் வேலை செய்யும், ஹைதராபாத் பாரத் பயோடெக்கோட கான்ஜுகேட் ஊசி ஆறு மாசக் குழந்தைல இருந்து போடறது அந்த டெக்னிக்லதான். ஊசி போட்டாச்சு, இனி கை கழுவ வேணாம்னு நெனக்கிற தவுக்கேங்க (மொதலாளிங்க) இருக்காங்க, அவங்க ஸ்டால்ல நான் தே தாரிக்கோட நிறுத்திக்குவேன்.

என் தொழில் பக்கம் கொஞ்சம் வரேன், பொறுத்துக்கோங்க. எங்களுக்கு ஓ ஆன்டிஜென் பத்தி கவலையே இல்ல, எங்க எதிரி அடியில இருக்குற லிப்பிட் ஏ. பேக்டீரியா செத்தாலும் அது சாகாது. 1892ல பெர்லின்ல ரிச்சர்ட் ஃபைஃபர் காலரா கிருமிய சூடு வச்சி கொன்னு கினி பன்றிக்கு ஊசி போட்டப்ப அதுங்க அப்பவும் செத்துச்சு, எண்டோடாக்சின்னு அப்பதான் பேரு வச்சாரு. தண்ணில கொதிக்க வச்சி இத ஒழிக்க முடியாது, எங்க லேப் கண்ணாடி சாமான 250 டிகிரி உலர் சூட்டுல அரை மணி நேரம் வைப்போம். ஆபரேசன் கையுறைல இது ஒட்டிக்கிட்டு போச்சுன்னா காயத்துக்குள்ள போயிடும். ஒடம்புல டிஎல்ஆர்4னு ஒரு வாங்கி இருக்கு, அது லிப்பிட் ஏ-வ கண்டா காய்ச்சல், ரத்த அழுத்தம் விழறது, எல்லாத்தையும் கெளப்பி விட்டுடும். அந்த டிஎல்ஆர்4 தான் ஆளுன்னு 1998ல எலில காட்டுன புரூஸ் பியூட்லருக்கு 2011ல நோபல். நாங்க இத கண்டுபுடிக்க பயன்படுத்துறது எது தெரியுமா, பெலங்காஸ் (குதிரைலாட நண்டு) ரத்தம். லெவினும் பேங்கும் அமெரிக்கக் கடற்கரைல அந்த ஜாதியோட நீல ரத்தத்துல பாத்த விசயம், கொஞ்சூண்டு எண்டோடாக்சின் பட்டாலே கெட்டியாயிடும். ட்யூப 37 டிகிரில ஒரு மணி நேரம் வச்சி தலைகீழா கவுத்தணும், ஜெல் வழுக்காம நின்னா அந்த லாட் போச்சு. ஜொகூர் பக்கம் இத சுட்டு முட்டைய சாப்பிடறாங்க, எனக்கு மனசு வராது, ஒரு வகைல கூட வேலை செய்யற ஆளு லா அது.

இத ஏன் இங்க சொல்றேன்னா, லேப் அண்ணன் இத கேட்டுட்டு கேட்ட கேள்வி இன்னும் மண்டைல இருக்கு. "அப்ப காய்ச்சல குடுக்குறது அடிப்பக்கம், நான் டெஸ்ட்ல பாக்குறது மேல்பக்கம், அப்படித்தானே?" அதேதான்ணே. காய்ச்சல் கிட்டத்தட்ட எல்லா கிராம் நெகட்டிவுக்கும் பொதுவான லிப்பிட் ஏ-ல இருந்து வருது, பேரு சொல்றது ஆளுக்கு ஆள் மாறுற ஓ தொடர். ரெண்டும் ஒரே மூலக்கூறு. 1992 கடைசில மெட்ராஸ்ல காலரா புதுசா கெளம்புச்சே, ஓ139, அது பழைய ஓ1 காலராதான், ஓ தொடர மட்டும் மாத்திக்கிட்டு போர்வையும் போட்டுக்கிச்சு, ஓ1க்கு எதிர்ப்பு இருந்த பெரியவங்களையும் அது அடிச்சிச்சு. ஒடம்போட போலீஸ் ஐசி (அடையாள அட்டை) பாத்துத்தான் ஆள புடிக்குது, ஐசி மாறுனா விட்டுடுது.

சித்தப்பா கதைக்கு வரேன். அண்ணன் வைடால் பண்ண மாட்டேன்னுட்டு, எலிப் பொந்து பக்கம் வேலையா, கால்ல வெட்டுக் காயமா, பூட்ஸ் போடறீங்களான்னு விசாரிச்சாரு. எண்ணெய்ப்பனை தோட்டத்துல எலிக்கு பஞ்சமா, பழத்த தின்ன வர்ற எலிய புடிக்க ஆந்தைக்கு பெட்டி கட்டி வளக்குற நாடு இது. டாக்டர்கிட்ட சொல்லி லெப்டோ (லெப்டோஸ்பைரோசிஸ், எலிக் காய்ச்சல்) ஐஜிஎம் டெஸ்ட் போட்டாங்க, கோடு வந்துச்சு. டாக்டர் அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு லெட்டர் எழுதி அனுப்பிட்டாரு, கெசிஹத்தானுக்கும் தகவல் போச்சு, லெப்டோ 2010 டிசம்பர்ல இருந்து கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். அங்க ஊசி ஏறுனதும் காய்ச்சல் எறங்குச்சு. அப்புறம் ரெஃபரன்ஸ் லேப்ல மேட் (MAT) டெஸ்ட் பண்ணி, 1:400ங்கற அளவத் தாண்டி வந்து உறுதியாச்சு.

இந்த மேட் டெஸ்ட் இருக்கே, அதுவும் இதே எல்பிஎஸ் கதைதான், அதான் எனக்கு சிரிப்பு. லெப்டோஸ்பைராவுக்கு 250க்கு மேல செரோவார், பிரிக்கிறது அதோட எல்பிஎஸ் சர்க்கரைய வச்சித்தான். லேப்ல உயிரோட பல வகைய வளத்து வச்சி, ஒவ்வொன்னோடயும் நோயாளி சீரத்த கலந்து, இருட்டுப் பின்னணி மைக்ரோஸ்கோப்புல எது திரியுதுன்னு பாப்பாங்க. வளக்கறதே பெரிய பாடு, அதனாலதான் டவுன் லேப்ல இது கெடையாது. லெப்டோவோட லிப்பிட் ஏ வேற மாதிரி கட்டமைப்பு, மனுசனோட டிஎல்ஆர்4 அத கண்டுக்கவே கண்டுக்காது. வைடால், மேட் ரெண்டு டெஸ்டும் சர்க்கரையத்தான் பாக்குது, ஆனா ஒன்னு சந்தேகத்துக்கு எடம் இருக்குற ஒரே தடவ ஸ்லைடு, இன்னொன்னு வரிசையா வகை வகையா வச்சி ஒப்பிட்டது. வித்தியாசம் அங்கதான்.

அப்ப டைபாய்டு சந்தேகம்னா என்னாதான் கேக்கறது? இந்த லேப்லயே ரத்த கல்ச்சர் (ரத்தத்துல இருக்குற கிருமிய வளத்துப் பாக்குறது) எடுக்குறாங்க, பாட்டில ஈப்போவுக்கு அனுப்புறாங்க, பேக்கேஜ விட வெல ஜாஸ்தி, ரிசல்ட்டுக்கு நாள் ஆகும், ஆனா அதுல வந்தா கிருமியே கையில இருக்கு, எந்த மருந்து கேக்கும்னும் தெரியும். அதுவும் கிட்டத்தட்ட பாதி கேச தவற விடும், மாத்திர ஆரம்பிச்சிட்டு வந்தீங்கன்னா இன்னும் மோசம், அதனால மொத வாரத்துல, மாத்திரைக்கு முன்ன. ரேப்பிட் கிட் வேணும்னா டைஃபிடாட் இருக்கான்னு கேளுங்க, நம்ம நாட்டு சரக்கு, யூஎஸ்எம்ல (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) அஸ்மா இஸ்மாயில் குழு கண்டுபுடிச்சது, அது ஓ சர்க்கரைய விட்டுட்டு வெளிச் சவ்வுல இருக்குற 50 கிலோடால்டன் புரதத்துக்கு வர்ற ஆன்டிபாடிய பாக்குது. ட்யூபெக்ஸ்னு இன்னொன்னு, அது ஓ9 ஆன்டிபாடிய மட்டும் குறி வச்சி பாக்குது, கலர் மாற்றத்த வச்சி 0ல இருந்து 10 வரைக்கும் மார்க். ரெண்டும் முழுசா நம்பற அளவுக்கு இல்ல, ஆனா எட்டு லைன் வைடால் சீட்ட விட மேல். நான் போனப்ப ரெண்டும் ஸ்டாக் இல்ல, வேணும்னா மொதல்லயே சொல்லி வைக்கணும்.

கொறைங்க: ரிசல்ட் வாட்சப்ல வருது, முழுக்க இங்கிலீஸ், அதுலயும் சுருக்கெழுத்து. அம்மா மாதிரி ஆளுங்க அத வச்சி என்னா பண்றது. ஒரு வரி தமிழ்லயோ மலாய்லயோ 'டாக்டர பாருங்க'ன்னு எழுதக் கூடாதா. கல்ச்சருக்கு காசு மொதல்லயே கட்டணும், ஈ-வாலட் இருக்கு, கார்டு மெசின் பாதி நேரம் ரோசாக், கெட்டுப் போய் கெடக்கும். வெயிட்டிங் ஏரியால தண்ணி மெசின் இருக்கு, கப்பு இல்ல.

போறவங்க சனிக்கெழம காலைலயே போங்க. கல்ச்சர் பாட்டில் ஈப்போவுக்கு போற வண்டி மத்தியானத்துக்கு முன்னாடி கெளம்பிடும், அதுக்கப்புறம் எடுத்தா திங்கக்கெழம வரைக்கும் இங்கயே கெடக்கும், கவுண்டர்ல இத தானா சொல்ல மாட்டாங்க, நீங்க கேக்கணும். பேக்கேஜ்தான் வேணும்னு அடம் புடிச்சா குடுப்பாங்க, ஆனா டைபாய்டு லைன எடுத்துட்டு ரத்த எண்ணிக்கை, லிவர், டெங்கி மட்டும் போடச் சொல்லுங்க, கழிச்சிக்குவாங்க, நான் கேட்டப்ப கழிச்சாங்க.